மழை பெய்யும் திங்கட்கிழமை

"பள்ளிக்கூடத்த நிறுத்தணும்னா யாருகிட்ட சொல்லணும் அத்த?"

ஓவியா இதைக் கேட்டபோது கம்பெனி வண்டி வருகிற நேரம். ஒன்பதாம் வகுப்புக்குப் போய் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. சீருடை போட்டிருந்தாள். இடுப்பில் தம்பி அருள்பாண்டி, மூக்கு ஒழுக உட்கார்ந்திருந்தான். அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. நூலகத்தில் எடுத்த புத்தகத்தை யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்று விசாரிப்பதுபோல் கேட்டாள்.

பொன்மணிக்குப் பதில் தெரியவில்லை. அங்கே நின்றிருந்த எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. வண்டி வந்தது. பெண்கள் ஏறினார்கள். ஓவியா தம்பியை இடுப்பில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி நடந்தாள்.

தாயில்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரில் பெண்களுக்குப் பட்டாசு வேலைதான். பொன்மணிக்கு இருபத்து மூன்று வயது. சரவெடி பின்னுவாள். பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். அவள் படிப்பு நின்றதற்கும் ஒரு தம்பிதான் காரணம், அவனைப் படிக்க வைக்க அவள் வேலைக்குப் போனாள். அந்தத் தம்பி மாரிக்கண்ணன் இப்போது திருத்தங்கலில் அச்சாபீசில் வேலை பார்க்கிறான், அக்காவைவிட ஒரு சாண் உயரம். அவன்மேல் அவளுக்கு வருத்தம் ஏதும் கிடையாது. ஆனால் ஒன்று மட்டும் அன்றைக்கு வண்டியில் உட்கார்ந்தபோது அவள் நினைவுக்கு வந்தது. அவள் நின்றபோது யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் போகவில்லை, அவ்வளவுதான். ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவும் இல்லை.

ஓவியாவின் அம்மா மாரித்தாய் அன்றைக்குக் கடைசி ஆளாக ஓடிவந்து ஏறி முன்சீட்டில் இருந்தாள். பொன்மணிக்கு முறைக்கு மதினி.

"மதினி, ஓவியாவ நிறுத்திட்டீகளா?"

"நான் எங்கன நிறுத்துனேன்?" மாரித்தாய் திரும்பாமலே சொன்னாள். "வண்டி ஏழு மணிக்கு வருது. பால்வாடி பத்து மணிக்குத் தொறக்குது. ஓவியா எட்டு மணிக்கே பள்ளிக்கூடத்துக்குக் கெளம்பணும். நடுவுல உள்ள நேரத்துக்குப் பிள்ளைய என்ன செய்ய? முந்தானையில முடிஞ்சிக்கிட்டு வரவா?"

"ஏன், சோத்துச் சட்டிக்குள்ள வச்சுக் கொண்டாங்களேன்" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் ஒவ்வொருத்தியாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். பாதி வீடுகளில் இதே கதைதான். மூத்தது பெண்ணாக இருந்தால் அதுதான் வீட்டில் நிற்கும்.

அன்று சாயங்காலம் பொன்மணி பால்வாடி ஞானஜோதி டீச்சருக்குப் போன் போட்டாள். டீச்சர் சாத்தூரிலிருந்து வருகிறவர்.

"நான் வர்ற பஸ்ஸே ஒம்போதரைக்குத்தான்மா உங்க ஊருக்கு வருது. எம்மகன் ஆல்பின எங்கம்மா வீட்ல விட்டுட்டு ஓடியாறேன். எனக்கும் அதே பாடுதான்" என்றார் டீச்சர். பிறகு கொஞ்சம் யோசித்தார். "உங்க சமுதாயக்கூடம் சும்மாத்தானே பூட்டிக் கெடக்கு? காலையில அதத் தொறந்து ஊர்ல ரெண்டு பேரு பிள்ளைகளப் பாத்துக்கிட்டா, நான் வந்ததும் பால்வாடிக்குக் கூட்டிக்கிடுவேன். கலெக்டர் ஆபீஸ்ல ஒரு உத்தரவு வாங்கிருங்க. திங்கக்கெழம மனு வாங்குவாக."

சமுதாயக்கூடத்துச் சாவி சிவபாண்டியிடம் இருந்தது. முன்பு வார்டு மெம்பராக இருந்தவர். பதவி போன பிறகும் சாவி அவரை விட்டுப் போகவில்லை. உள்ளே அவருடைய பந்தல் நாற்காலிகள் அடுக்கியிருந்தன. பொன்மணி டீக்கடையில் அவரைப் பார்த்துக் கேட்டாள்.

"என்ன தாயி, அடுத்த எலெக்சன்ல நிக்கப் போறியா?" என்றார் சிவபாண்டி. "நில்லு, நில்லு. போஸ்டர் அடிக்கிற செலவு என்னுது."

கடையே சிரித்தது. பெஞ்சின் ஓரத்தில் இருந்த அவளுடைய அப்பா தங்கச்சாமி மட்டும் தலையைத் தூக்காமல் டீயை ஊதிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் மெதுவாகச் சொன்னார்.

"எதுக்குத்தா முன்னால போயி நிக்கிற? பின்னால இருந்தா எவன் கண்ணுலயும் பட மாட்டோம்ல."

"இம்புட்டு நாளா பின்னாலதானப்பா இருந்தேன்" என்றாள் பொன்மணி. "யாரு கண்ணுலயும் படலையே."

மறுநாளிலிருந்து வண்டிதான் அவர்களுக்குச் சபை. கம்பெனி போய்ச் சேர்கிறவரை பேசினார்கள். மனு எழுதியாகிவிட்டது, கையெழுத்தும் போட்டாகிவிட்டது. ஆனால் திங்கட்கிழமை போவதென்றால் ஒருநாள் சம்பளம் போகும். பலரால் அது முடியாது. பொன்மணி யாரையும் குறை சொல்லவில்லை. "நான் மட்டும் போயிட்டு வாரேன்" என்றாள். அதற்கும் அவர்கள் விடவில்லை. ஒருத்தி போனால் ஒருத்தி வீட்டுக் கதை ஆகிவிடும் என்றார்கள்.

அப்போதுதான் மாரித்தாய் அலுப்போடு ஒரு வார்த்தை சொன்னாள். "மழ பேஞ்சா எப்படியும் வேல கிடையாது. மழ பெய்யுத திங்கக்கெழமயாப் பாத்துப் போங்க."

மழை என்றால் பட்டாசு வேலை நின்றுவிடும். மருந்து நமத்துப்போகும், இடி மின்னலுக்கும் பயம். மழைக்கு ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், சம்பளமும் கிடையாது. எங்கள் ஊர்ப் பெண்கள் வானம் இருட்டினாலே முகம் சுளிக்கிறவர்கள். அவர்கள் அந்த வருஷம்தான் மழைக்காகக் காத்திருந்தார்கள், அதுவும் கிழமை பார்த்து.

ஒரு செவ்வாய்க்கிழமை பெய்தது. ஒரு வியாழக்கிழமை பெய்தது. "மேல இருக்கவருகிட்ட காலண்டர் இல்ல போல" என்றார்கள். ஒவ்வொரு திங்களும் பொன்மணி மனுவை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு வருவாள். "தலைவரே, மழைக்கு ஒரு மனுப் போடுங்களேன்" என்று கேலி செய்வார்கள். தலைவர் என்ற பெயர் அப்படித்தான் வந்தது.

பள்ளிக்கூடத்தில் ஷைலா டீச்சர் ஓவியாவின் பெயரை அடிக்காமல் வைத்திருந்தார். காலாண்டுத் தேர்வு வரைக்கும்தான் பார்க்க முடியும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

தேர்வுக்கு முந்தைய மாதம், ஒரு ஞாயிறு ராத்திரி பிடித்த மழை விடிந்தும் விடவில்லை. வண்டி போனது. கேட்டில் குடை பிடித்து நின்ற போர்மேன் தூரத்திலேயே கையை ஆட்டினார். வண்டிக்குள் ஒரே கூச்சல். டிரைவர் முனியராஜ் திகைத்துப்போனார்.

"என்ன மதினி, சம்பளம் போச்சுன்னு இப்படிச் சந்தோசப்படுதீக?"

"வண்டிய மெயின் ரோட்டுக்கு விடுங்கண்ணே" என்றாள் பொன்மணி.

சாத்தூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து விருதுநகர் பஸ். சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நனைந்தபடி இறங்கினார்கள். வேலைக்கு வந்த கோலம்தான். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, கால் வெடிப்புகளில் தேய்த்தாலும் போகாத வெள்ளிப் பொடி. வாசலில் போலீஸ் நின்றது. யாராவது மண்ணெண்ணெய் கொண்டுவந்து மேலே ஊற்றிக்கொள்வார்களோ என்று திங்கட்கிழமைகளில் பையைத் திறந்து பார்ப்பார்கள்.

பெண் போலீஸ் வாயைத் திறப்பதற்குள், எங்கள் ஊர்ப் பெண்கள் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்கள். கொண்டையிலிருந்த ஊசியை எடுத்தார்கள். வரிசையில் நின்று இரண்டு கையையும் தூக்கினார்கள். தீப்பொறிக்குப் பயந்து கம்பெனி கேட்டில் தினமும் செய்கிறதுதான். கேட் என்று ஒன்றைக் கண்டால் கை தானாகப் போய்விட்டது.

"ஏம்மா, என்னம்மா இது? செருப்பப் போடுங்கம்மா!" என்றார் அந்தப் போலீஸ் பதறிப்போய். கிட்டத்தில் வந்ததும் அவர் முகம் மாறியது. "என்ன மருந்து வாடை அடிக்குது? பையில என்ன?"

"பையில சோறு தாயி" என்றாள் மாரித்தாய். "வாடை எங்க உடம்போட ஒட்டுனது. கழட்டி வைக்க முடியாது."

அவர் கீழே கிடந்த ஒரு ஜோடி செருப்பைத் தானே காலால் நகர்த்தி மாரித்தாயின் கால்பக்கம் தள்ளினார். "போட்டுக்கிட்டுப் போங்கம்மா. தரை ஈரமாக் கெடக்கு."

உள்ளே பெரிய ஹால். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அதிகாரி உட்கார்ந்து மனு வாங்கிக்கொண்டிருந்தார். பொன்மணி சொல்ல வேண்டியதையெல்லாம் வண்டியில் பல தடவை சொல்லிப் பார்த்திருந்தாள். மைக், பேன், கூட்டம் எல்லாவற்றையும் பார்த்ததும் ஒரு சொல்லும் வரவில்லை. அதிகாரி மனுவை வாங்கினார், மேலோட்டமாகப் பார்த்தார், "பாக்குறோம்மா" என்று பக்கத்தில் வைத்தார். அடுத்த ஆள் முன்னால் வந்துவிட்டார்.

பொன்மணி நகரவில்லை.

"மேடம், பள்ளிக்கூடத்த நிறுத்தணும்னா யாருகிட்ட சொல்லணும்?"

"என்னம்மா?"

"ஒம்போதாவது படிக்கிற பிள்ள எங்கிட்ட கேட்டுச்சு மேடம். எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க, போயி அதுகிட்ட சொல்லிருதேன்."

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு மனுவை மறுபடி எடுத்தார். பொன்மணிக்குப் பின்னால் நின்ற மாரித்தாய்க்குத் தன் மகள் அப்படிக் கேட்டது அதுவரை தெரியாது. "எங்க ஓவியாவா கேட்டா?" என்று கிசுகிசுத்தாள். பொன்மணி தலையை ஆட்டியதும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். வெளியே வருகிறவரை விடவில்லை.

"உங்க சங்கத்துக்குத் தலைவி யாரு?" என்று கேட்டார் அதிகாரி.

"சங்கம்லாம் இல்ல மேடம். ஒரு வண்டிதான்."

"இவதான் மேடம் தலைவர்" என்றன பின்னாலிருந்து குரல்கள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

உத்தரவு வந்தது. காலையில் சமுதாயக்கூடத்தைத் திறந்து பிள்ளைகளை வைத்துக்கொள்ளலாம். பிரசவமாகி வீட்டிலிருந்த இரண்டு பெண்கள் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டார்கள். ஆனால் சாவி வரவில்லை. "தேடிக்கிட்டிருக்கேன் தாயி" என்றார் சிவபாண்டி. அடுத்த தடவையும் தேடிக்கொண்டுதான் இருந்தார். காலாண்டுத் தேர்வு நெருங்கிவிட்டது.

தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சமுதாயக்கூடத்து வாசலில் நின்றார்கள். ஓவியா பழைய சீருடையில் தம்பியோடு நின்றாள். பூட்டு தொங்கியது. வண்டி வந்து ஹாரன் அடித்தது.

"ஏறுங்க மதினி, சீசன் நேரம். ஆர்டர் நிக்குது. எம் பொழப்பக் கெடுத்துறாதீக" என்றார் முனியராஜ்.

பொன்மணி பூட்டை இழுத்துப் பார்த்தாள். மாரித்தாய் பூட்டைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள்.

"அப்ப பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டே போவோமா?" என்றாள் எரிச்சலோடு.

பொன்மணி சட்டென்று திரும்பினாள். "ஏத்துங்க மதினி."

மாரித்தாய் முதலில் ஏற்றினாள். அருள்பாண்டி ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டான். அவனுக்குப் பின்னால் ஒவ்வொன்றாக ஏறின. வண்டி நிறையச் சின்னப் பிள்ளைகள். ஒன்று முனியராஜ் அண்ணனின் ஹாரனைத் தொடப் போனது.

"ஏ ஆத்தா, இறக்குங்க!" முனியராஜுக்கு வேர்த்துவிட்டது. "பட்டாசுக் கம்பெனி வண்டில சின்னப் பிள்ளையப் பாத்தா கம்பெனிக்கே சீல் வச்சிருவாக!"

"தெரியும்ணே" என்றாள் பொன்மணி. "போன் போட்டுச் சொல்லுங்க. சாவி வந்தா இறக்கிருதோம்."

அவர் சூப்பர்வைசருக்குப் போன் போட்டார். சூப்பர்வைசர் யாருக்குப் போட்டாரோ, அந்தப் பிள்ளை ஹாரனை அடித்துப் பழகி முடிப்பதற்குள் சிவபாண்டி பைக்கில் வந்து இறங்கினார். சாவி கையில் இருந்தது.

"கேட்டா குடுத்திருப்பேன்ல தாயி" என்றார்.

"போஸ்டர் மறந்துறாதீக மாமா" என்றாள் பொன்மணி. ஊரே சிரித்தது. கூட்டத்தின் பின்னால் நின்ற தங்கச்சாமியும் சிரித்தார். பிறகு முன்னால் வந்து, யாரும் சொல்லாமலே நாற்காலிகளைத் தூக்கி ஓரமாக அடுக்க ஆரம்பித்தார்.

ஓவியா தம்பியை உள்ளே விட்டுவிட்டு வந்தாள். அவன் அழுதான். அவள் வாசல்வரை போய்த் திரும்பி வந்து அவன் மூக்கைத் துடைத்துவிட்டாள். மறுபடி போனாள். மறுபடி வந்தாள். மூன்றாவது தடவை மாரித்தாய் அவள் பையை வாங்கி அவள் தோளிலேயே மாட்டி, முதுகில் கை வைத்து ரோட்டைப் பார்த்துத் தள்ளிவிட்டாள்.

இடுப்பில் பிள்ளை இல்லாமல் ஓவியா நடந்து போனதைப் பொன்மணி வண்டி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு பக்கமாகச் சாய்ந்தே நடந்து பழகியவள், கொஞ்ச தூரம் போனதும்தான் நிமிர்ந்தாள்.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. பக்கத்து ஊர்களில் இன்னும் வண்டி ஏழு மணிக்குத்தான் வருகிறது, பால்வாடி பத்து மணிக்குத்தான் திறக்கிறது. அந்த ஊர்ப் பெண்கள் இப்போது பொன்மணிக்குப் போன் போட்டு, மழை பெய்யும் திங்கட்கிழமை எப்படிப் போவது என்று கேட்கிறார்கள்.

யாரிடம் சொல்ல வேண்டும் என்று ஓவியா கேட்டாள். அன்றைக்குத் தெரியாத பதில் இன்றைக்குக் கொஞ்சம் தெரிகிறது. பக்கத்து சீட்டில் இருப்பவரிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதனால் இதைப் படித்த நீங்கள் இதை உங்களோடு வைத்துக்கொள்ளாமல், காலையில் வண்டிக்கோ பஸ்ஸுக்கோ நிற்கும்போது, பக்கத்தில் நிற்பவரிடம் ஒருமுறை சொல்லுங்கள். அவர் இடுப்பில் பிள்ளையோடு நிற்கிற பள்ளிக்கூடத்துப் பெண்ணாக இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.