பெரிய ட்ரம்காரருக்கு ஒரு படம்

செயின்ட்-மிஷேல் தேவாலய மண்டபச் சுவரில், பாண்ட் குழுவில் புகழ்பெற்றவர்களின் படங்கள் தொங்குகின்றன. செத்தவர்களுக்கு மட்டுமே இடம். உயிரோடிருப்பவனைப் புகழ்ந்தால் எங்கள் சனத்துக்கு நாக்கு அழுகிவிடும்.

மாதா பவனியில் பெரிய ட்ரம்மைச் சுமந்தே கூனிப்போன இன்னாசித்தம்பியும் அடுத்த படம் யாருக்கு என்று முடிவெடுக்கும் கூட்டத்துக்கு வந்திருந்தார். இந்த வருடப் படம், ட்ரம்பெட் ஊதிய காலஞ்சென்ற சூசைதாசனுக்கு என்றார் குழுத் தலைவர்.

இன்னாசித்தம்பியின் மனைவி றோஸ்மேரி துள்ளி எழுந்தாள்.

"அந்தாள் வெயிலெண்டு பாதியில காருக்குள்ள ஏறினவர்! என்ர மனுசனுக்குக் குடுங்கோ."

"அண்ணை உயிரோட எல்லோ இருக்கிறார், அக்கா."

"தை மாதம் வரைக்கும் பொறுங்கோ. அதுக்கு மேல தாங்காதெண்டு டொக்டர் எனக்குச் சொன்னவர்."

வெறும் அல்சர் என்று அவள் சொன்னதை நம்பியிருந்த இன்னாசித்தம்பி நிமிர்ந்து பார்த்தார்.

தலைவரின் முகம் மலர்ந்தது. "அப்ப தைக்குத் தள்ளி வைப்பம். சம்மதமெண்டால் கையைத் தூக்குங்கோ."

எல்லோரும் தூக்கினார்கள். றோஸ்மேரி முழங்கையால் இடிக்க, இன்னாசித்தம்பியும் தூக்கினார்.