அத்தையின் காலும் படிக்கிணற்றுத் தண்ணீரும்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, முன் வரிசையில் உட்கார்ந்து "சீக்கிரம் சொல்லி முடி" என்று கண்ணாலேயே மிரட்டுகிறாரே, அவர்தான் என் அத்தை, என் வீட்டுக்காரரின் அம்மா. அவருடைய கால் இனி நடக்கவே நடக்காதோ என்று நான் அழுத கதையைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

எழுபத்தொன்பதாம் வருஷம். குன்னத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். புதுப் பெண்ணான நான் திருச்சியில் விடுதியில் தங்கி விலங்கியல் பி.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தேன். கல்யாணமான பெண்ணை யார் காலேஜுக்கு அனுப்புவார்கள்? அத்தை அனுப்பினார். "எந்த நோவு எதனால வருதுன்னு படிக்கிற படிப்பாம். என் வூட்டுல அது தெரிஞ்சவ ஒருத்தியாச்சும் இருக்கட்டுமே" என்று சொல்லி ஊர் வாயை அடைத்துவிட்டார்.

பங்குனி வெயிலில் அவர் காலில் நரம்புச் சிலந்தி வந்தது. இப்போதுள்ள பிள்ளைகளுக்கு அது தெரியாது. நூல் மாதிரி நீளமான புழு. காலில் கொப்புளம் கிளம்பி, உடைந்து, தலையை நீட்டும். நெருப்பை வைத்ததுபோல் எரியும். பருத்திக் குச்சியில் சுற்றி நாளுக்குக் கொஞ்சமாக இழுக்க வேண்டும். அதற்கு முந்தின கோடையில் அத்தைக்கு வந்த புழு, அவசரப்பட்டு இழுத்ததில் உள்ளேயே அறுந்து, முட்டிவரை வீங்கிச் சீழ் பிடித்திருந்தது. இந்த முறையும் அப்படி ஆனால் முட்டி மடங்கியே நின்றுவிடும் என்றார் டாக்டர். வெங்காயக் காட்டில் எல்லோருக்கும் முன்னால் களை எடுத்துப் போகிறவர், கட்டிலில் கிடந்தார்.

"மருமவ படிச்சது போதும், வூட்டோட இருக்கட்டும்" என்றார்கள் அக்கம்பக்கத்தார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. அத்தை விடவில்லை. "நீ நின்னுட்டா என் கால் நேராயிருமா? போடி பைத்தியக்காரி!"

அன்றைக்கு முழங்காலில் நின்று ஆண்டவரோடு பேரம் பேசினேன். "என் படிப்பை எடுத்துக்கொள்ளும், அத்தையின் காலைக் கொடும்." வெட்கமில்லாமல் அழுதேன்.

மறுநாள் நான் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். எங்கள் காலேஜ் மேடம், மைக்ராஸ்கோப்பில் பார்க்க அவரவர் ஊர்க் குடிதண்ணீரைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். அத்தையிடம் சொல்லிவைத்த நானே அதை அடியோடு மறந்துவிட்டேன். கட்டிலில் கிடந்த அத்தைதான் மறக்கவில்லை. படிக்கிணற்றுத் தண்ணீரை ஊறுகாய் பாட்டிலில் பிடித்துவரச் சொல்லி, தன் கையாலேயே என் பைக்குள் திணித்தார்.

மைக்ராஸ்கோப்பில் அந்தத் தண்ணீரைப் பார்த்தேன். ஒற்றைக் கண்ணோடு ஒரு பூச்சி துள்ளிக்கொண்டிருந்தது. மேடம் குனிந்து பார்த்துவிட்டு, "இது சைக்ளாப்ஸ். உங்க ஊர்ல யாருக்காவது நரம்புச் சிலந்தி இருக்காம்மா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புழு இருக்கும் கால் தண்ணீரில் பட்டதும் அது குஞ்சுகளைக் கக்கிவிடுமாம். அவற்றை இந்தப் பூச்சி தின்னும். பூச்சியை நாம் தண்ணீரோடு குடிப்போம். ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து நம் காலில் புழு வரும்.

அடக் கடவுளே! எங்கள் ஊரில் சிலந்தி எரிந்தால் வைத்தியமே, படிக்கிணற்றில் இறங்கிக் காலை நனைத்துக்கொண்டு நிற்பதுதான். குளுகுளுவென்று இருக்கும். அத்தையும் அப்படி நின்றவர்தான். அதே கிணற்றில்தான் ஊரே குடம் முக்கியது.

சனிக்கிழமை ஓடிவந்து எல்லாவற்றையும் சொன்னேன், துணியில் வடிகட்டினால் பூச்சி தங்கிவிடும் என்று மேடம் சொன்னதையும் சேர்த்து. அத்தை குனிந்து தன் காலைப் பார்த்தார். "அப்ப நான் நின்ன தண்ணியத்தான் ஊரே குடிச்சிச்சா?" என்று கேட்டு, அந்த வலியிலெல்லாம் அழாதவர் அப்போது அழுதார். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, "அழுதது போதும். பொட்டியில இருக்குற வேட்டிய எடுத்துத் தா, தண்ணி வடிகட்டலாம்" என்றார்.

"அம்மா, அது என் கல்யாண வேட்டி!" என்று பதறினார் என் வீட்டுக்காரர்.

"ஏண்டா, இன்னொரு கல்யாணமா பண்ணிக்கப் போற?"

வேட்டி கிழிந்தது. மறுநாள் மகனைத் தூக்கிப் போகச் சொல்லி, கிணற்றின் மேல்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். "எரிஞ்சா வூட்டுல சட்டியில தண்ணி ஊத்தி நனைச்சுக்க. அந்தத் தண்ணியக் காஞ்ச மண்ணுல கொட்டு. கிணத்துல கால வச்சா எனக்குக் கெட்ட கோவம் வரும்!" சிலர் சிரித்தார்கள், சிலர் முணுமுணுத்தார்கள். ஆனாலும் குச்சி கட்டிய அந்தக் காலைப் பார்த்துவிட்டு, சிலந்திக் காலோடு யாரும் அவரைத் தாண்டி இறங்கவில்லை.

அந்தப் புழு அறுபடாமல் முழுசாக வெளியே வந்தது. தோத்திரம் செய்தோம். ஆனாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை. வடிகட்டத் தொடங்கும் முன்னால் அவர் குடித்த தண்ணீர் உள்ளே இருக்கிறதே! அதில் என்ன இருந்தது என்று எந்த மைக்ராஸ்கோப்பால் பார்ப்பது? என் படிப்பு அந்த இடத்தில் நின்றுவிட்டது. "வடிகட்டியதற்கு வேட்டி பொறுப்பு. அதற்கு முன்னால் குடித்ததற்கு நீர்தான் பொறுப்பு, ஆண்டவரே" என்று அந்த வருஷம் முழுக்க ஜெபித்தேன்.

அடுத்த கோடை வந்தது. பரீட்சையைச் சாக்காக வைத்து ஊர்ப்பக்கமே வரவில்லை. உண்மையில் பயம். கடைசிப் பரீட்சை முடிந்து பஸ்ஸைவிட்டு இறங்கினால், எதிரே அத்தை நிற்கிறார்! வீட்டிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். பஸ் நிறைய ஜனம் பார்க்க, சேலையை முட்டிவரை தூக்கினார்.

"மைக்ராஸ்கோப்பு கொண்டாந்தியா? இல்ல, வெறுங்கண்ணே போதுமா?"

புழுதியில் உட்கார்ந்து இரண்டு கால்களையும் தடவித் தடவிப் பார்த்தேன். பழைய தழும்புகள் மட்டும்தான். அப்படியே கட்டிக்கொண்டு அழுதேன். "எந்திரிடி, கண்டக்டரு பாக்குறாரு" என்று சொல்லி, முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார்.

வழியில் என் பேரத்தைச் சொன்னேன். அத்தை நின்றுவிட்டார். "படிப்ப எடுத்துக்கன்னா கேட்ட? நல்லவேள, அவரு அதக் காதுல போட்டுக்கல. நான் தெனமும் உன் படிப்புக்குத்தாண்டி கேட்டேன். என் காலுக்குக் கேக்கவே இல்ல."

அந்தப் படிப்பை வைத்துத்தான் இன்று சுகாதார வேலையில் ஊர் ஊராகப் போய்த் தண்ணீரைப் பார்க்கிறேன். முன்பெல்லாம் எனக்கு வேண்டியதை நானே கேட்பேன். இப்போது மற்றவர்களுக்காகவே அதிகம் கேட்கிறேன். எனக்காகக் கேட்க வீட்டில் ஆள் இருக்கிறது. நீங்களும் உங்கள் வீட்டாருக்காக நம்பிக் கேட்டுப் பாருங்கள். அதோ, அத்தை எழுந்துவிட்டார். நடந்தேதான் வீட்டுக்குப் போகிறோம்.