கட்டுரைகளை உரக்கப் படித்த சுபைதா

போன செவ்வாய்க்கிழமை காலை கடையில் காய்கறி பொறுக்கிக்கொண்டிருந்தபோது சுபைதாவின் மகள் கூப்பிட்டாள். "அங்கிள், அம்மா தவறிட்டாங்க. சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்" என்றாள். பொழிச்சலூர் வீட்டுக்குப் போனபோது பழைய அலுவலக நண்பர்கள் பலர் வந்திருந்தார்கள். ஆளுக்கொரு சுபைதாவை நினைவுகூர்ந்தார்கள். அவரை அறிந்த உங்களுக்காக, நான் பார்த்த சுபைதாவை எழுதுகிறேன். இதில் ஒரு பகுதி உங்களில் பலருக்குத் தெரியாது.

எண்பதுகளின் கடைசியில் தாம்பரத்தை அடுத்த தொழிற்பேட்டையில் ஒரு சிறிய நிறுவனத்தில் நாங்கள் ஒன்றாகச் சேர்ந்தோம். ஆலைக் கொதிகலன்களைக் கண்காணிக்கும் கம்ப்யூட்டர் பெட்டிகளைச் செய்கிற இடம். பெட்டிக்குள் எந்த வேலை எப்போது ஓட வேண்டும் என்று முடிவு செய்கிற சின்ன ஆபரேட்டிங் சிஸ்டத்தை எழுதியவர் சுபைதா. அலுவலகத்தில் இதற்கெல்லாம் புத்தகம் கிடையாது. மாதம் ஒருமுறை மின்சார ரயிலேறிப் போய், ஒரு கல்லூரி நூலகத்தில் ஆய்விதழ்களைப் புரட்டி, வேண்டிய கட்டுரைகளை ஜெராக்ஸ் எடுத்து வருவார்.

சனிக்கிழமை மதியங்களில் சிட்லபாக்கத்தில் என் வீட்டு மாடியில் அவரும் நானும், எங்களோடு வேலை பார்த்த தேவராஜனும் அவற்றைப் படிப்போம். ஒருவர் ஒரு பத்தியை உரக்கப் படிக்க வேண்டும். பிறகு தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதைத் தமிழில் சொல்ல வேண்டும். இது அவர் போட்ட சட்டம். ஒருநாள் ப்ராசஸரின் அமைப்பைப் பற்றிய கட்டுரையில் நான் மாட்டிக்கொண்டேன். "கேஷ் மிஸ் ஆனா ப்ராசஸர் ஸ்டால் ஆகும்" என்று ஒப்பேற்றினேன்.

"இதுல தமிழ் எங்க இருக்கு? 'ஆனா', 'ஆகும்' மட்டும்தான்" என்றார் சுபைதா. சிரித்ததில் தேவராஜனுக்குப் புரையேறிவிட்டது. "சொல்ல வரலைன்னா புரியலைன்னு அர்த்தம். திரும்பப் படிங்க." அன்று அந்த ஒரு பத்தியை நான்கு முறை படித்தேன். "தேடின தகவல் பக்கத்துல இல்லன்னா, அது வர்ற வரைக்கும் ப்ராசஸர் வேலையை நிறுத்திட்டுக் காத்திருக்கும்" என்று சொன்ன பிறகுதான் விட்டார். கட்டுரையின் முடிவுரைக்குத் தாவினாலும் விட மாட்டார். "முடிவுரையில எல்லாருமே ஜெயிச்சிருப்பாங்க. நடுவுல எங்க திணறினாங்கன்னு பாருங்க" என்பார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், எங்கள் பெட்டி வைத்திருந்த ஒரு சாயப்பட்டறையில் கொதிகலனின் அழுத்தம் எகிறிவிட்டது. பெட்டி அடிக்கும் எச்சரிக்கை மணியைக் கேட்டு அடுப்பைத் தணிக்க வேண்டிய ஆறுமுகம் அதைச் செய்யவில்லை; தூங்கிவிட்டார் என்றது பட்டறை. நீராவி பட்டு அவர் வலது கை வெந்துபோயிருந்தது. வேலையிலிருந்தும் நிறுத்திவிட்டார்கள். பெட்டியைச் சோதிக்க நானும் சுபைதாவும் போனபோது, கைக்கட்டோடு வாசலிலேயே காத்திருந்தார்.

"நான் தூங்கலம்மா. மணி அடிக்கவே இல்ல. எல்லாம் முடிஞ்சப்புறம் அடிக்குது. சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்கோ" என்றார்.

பெட்டியில் ஒரு குறையும் தென்படவில்லை. அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. படிப்பது சுபைதாவின் முறை. ஒரு பத்தி முடிந்ததும் தாளைக் கவிழ்த்தார். "மூணு வேலை இருக்கு. ரொம்ப அவசரமானவர் ஒரு அறைக்கு வெளியே நிக்கறார். அவசரமே இல்லாதவர்கிட்ட அந்த அறைச் சாவி இருக்கு. வேலையை முடிச்சுட்டுச் சாவியைக் குடுத்துடுவார். ஆனா நடுவுல, சாவிக்காரரைவிடக் கொஞ்சம் அவசரமான மூணாவது ஆள் வந்து, அவரை ஒதுக்கிட்டுத் தன் வேலையைப் பார்த்துகிட்டே இருக்கார். அவசரக்காரர் நின்னுகிட்டே…" அத்தோடு நிறுத்திவிட்டார். எங்கள் பெட்டியிலும் இதேதான் நடந்திருக்க வேண்டும். எங்கள் பெட்டியில் அவசரக்காரர் எச்சரிக்கை மணி. சாவி வைத்திருப்பது அளவுகளைப் பதிகிற வேலை. நடுவில் வருவது அறிக்கை அச்சிடுகிற வேலை.

திங்கட்கிழமை மேலாளரிடம் சொன்னார். "வெளியே வாயைத் திறக்காதீங்க. அடுத்த பெட்டியில சரி பண்ணிக்கலாம்" என்றார் மேலாளர். நானும், கொஞ்ச நாள் பொறுங்கள் என்றுதான் சொன்னேன்.

"அவர் கை வெந்திருக்கு. பொறுக்கறது யாரு, நாமளா அவரா?" என்று கேட்டார் சுபைதா.

ஆறு நாட்கள் மேசையில் ஒரு பெட்டியை ஓடவிட்டு, மூன்று வேலைகளும் மோதும் அந்த நொடிக்காகக் காத்திருந்தார். ஏழாம் நாள் அச்சு இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்க, மணி அடிக்காமல் நின்றது. மேலாளரை இழுத்து வந்து காட்டினார். மறுநாள் சாயப்பட்டறையில், முதலாளியும் தொழிலாளர்களும் நிற்க, "இந்தத் தப்பு நான் எழுதினதுல இருக்கு. இவர் மேல தப்பு இல்ல" என்றார். சொன்னதை இன்னொரு முறையும் சொன்னார். ஆறுமுகம் கட்டுப் போடாத கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த வாரமே அவரை வேலைக்குத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்தக் கட்டுரையே மாற்றுவழியும் சொல்லியிருந்தது: சாவி வைத்திருப்பவருக்கு, சாவியைத் தரும்வரை, காத்திருப்பவரின் அவசரத்தைக் கடன் கொடுக்க வேண்டும். சுபைதா எல்லாப் பெட்டிகளையும் அப்படி மாற்றினார். மறுவருடம் குழுத் தலைமை அவருக்கு வரவில்லை. எனக்கு வந்தது. ஏன் என்று இருவருக்குமே தெரியும். "சனிக்கிழமைக்குக் கட்டுரை எடுத்துட்டு வரேன். தலைவர் ஆயிட்டோம்னு வராம இருந்துடாதீங்க" என்றதோடு சரி. நான் பொறுக்கச் சொன்னதை ஒருநாளும் குத்திக்காட்டியதில்லை.

அடக்கம் முடிந்து வந்ததும் பழைய ஜெராக்ஸ் கட்டுகளைப் பிரித்தேன். அந்தக் கட்டுரை என்னிடம்தான் இருக்கிறது. அதைத்தான் அவர் நினைவாக வைத்துக்கொள்ளப் போகிறேன். ஏழாம் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால், சூத்திரமோ குறிப்போ இல்லாமல், இரண்டே சொற்கள் எழுதியிருக்கிறார்: "ஆறுமுகம் தூங்கவில்லை."