பெரியப்பாவின் தீபாவளிச் சட்டை

பத்து வயதிலேயே நான் ஒரு வாசகர் வட்டத்தில் பேசியிருக்கிறேன். இதைப் பீற்றிக்கொள்ளாத இடமில்லை. என்ன பேசினேன் என்பதைத்தான் யாரிடமும் சொன்னதில்லை.

கெலுகோரில் பெரியம்மாவின் அடுக்குமாடி வீட்டில் மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை கூடுவார்கள். பெரியம்மாவோடு வேலை பார்த்த நான்கு டீச்சர்கள், மனித வரலாறு பற்றிய ஒரு தடித்த புத்தகம், உருளைக்கிழங்குக் கறி அடைத்துப் பொரித்த கறிபாப் சுடச்சுட ஒரு தட்டு. நான் போனது கறிபாப்புக்காக. பெரியப்பா சிங்கப்பூரில் வேலையாக இருந்ததால் அவர் பங்கும் எனக்கே வரும்.

அன்று மட்டும் என் காது புத்தகத்தின் பக்கம் திரும்பிவிட்டது. கண்ணால் காணாத ஒன்றைப் பலர் சேர்ந்து நம்பினால் அது நிஜம்போலவே நடமாடும், நாடும் சட்டமும் அப்படி வந்தவைதான் என்றார் பெரியம்மா. எனக்குப் புல்லரித்துவிட்டது. இவ்வளவு பெரிய ரகசியத்தை இத்தனை நாள் கறிபாப் தின்றே கோட்டை விட்டிருக்கிறேன்.

ஆளுக்கோர் உதாரணம் சொல்ல வேண்டும். ஒரு டீச்சர் கொடி என்றார், இன்னொருவர் நாட்டெல்லை என்றார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"பெரியம்மா, எனக்கும் ஒண்ணு தெரியும்."

"புக்கு படிக்காதவங்க பேசக் கூடாது. சரி, இன்னிக்கு மட்டும் சொல்லுலா."

எழுந்து நின்று ஒரே மூச்சில் சொன்னேன். "பெரியப்பா சிங்கப்பூர்ல இருக்காருன்னு நாம எல்லாரும் நம்புறோம். யாரும் போய்ப் பாக்கல, போனும் வரல. ஆனா தீபாவளிக்கு அவருக்கும் புதுச் சட்டை வாங்கி மஞ்சள் வச்சு சாமிகிட்ட வைக்கிறோம். அலமாரியில நாலு சட்டை இருக்கு."

யாரும் கறிபாப்பைக் கடிக்கவில்லை. உதாரணம் தப்பாகிவிட்டதோ என்று எனக்கு அழுகை வரும்போல இருந்தது. பெரியம்மா புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"இவதான் சரியா புரிஞ்சிக்கிட்டிருக்கா" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. வட்டம் அன்று சீக்கிரமே கலைந்தது. கிளம்பும்போது ஒவ்வொரு டீச்சரும் பெரியம்மாவைக் கட்டியணைத்துவிட்டுப் போனார். என்னைப்போல ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் பாராட்டத்தானே செய்வார்கள் என்று பூரித்துப்போனேன்.

அந்தத் தீபாவளிக்குப் பெரியம்மா வீட்டில் சாமி முன் வைத்த தாம்பாளத்தில் பெரியப்பாவின் சட்டை இல்லை. அவருக்குத்தான் ஏற்கெனவே நாலு இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு என் பாவாடையை எடுத்து உடுத்தப் போனேன்.