மாமி கொண்டுவந்த குளிர்கால ஃபஷன்

லண்டனிலிருந்து மாமி வந்து இறங்கிய அன்று கொழும்பு வெள்ளவத்தையில் காகங்களெல்லாம் வாயைத் திறந்தபடி நிழலில் ஒதுங்கியிருந்தன. அப்படி ஒரு வெயில். மாமியோ கறுப்புக் கோட்டும், முழங்கால் வரை ஏறிய தோல் சப்பாத்தும், காதை மூடிய ஊதாக் கம்பளித் தொப்பியுமாக வாகனத்திலிருந்து காலை எடுத்து வைத்தார். நாவற்பழம் தின்றுவிட்டு வந்தவர் போல உதடு கறுத்த ஊதாவில் மினுங்கியது. எங்கள் மாடிக் கட்டடத்தின் காவற்காரர் பெட்டியைத் தூக்க வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "நோனாட்ட சீதலத?" என்று அப்பாவிடம் சிங்களத்தில் மெல்லக் கேட்டார். அம்மணிக்குக் குளிருதா என்று.

மாமி அப்பாவின் ஒரே தங்கை. சித்தப்பாவின் கலியாணத்துக்காக வந்திருந்தார். மாப்பிள்ளையின் சகோதரி என்பதால் மணவறையில் தோழியாக நிற்க வேண்டியவரும் அவர்தான். எனக்கு அப்போது எட்டு வயது. லண்டனில் குளிர்காலம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் குளிர்காலத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டாமல் தலையிலேயே சுமந்துகொண்டு வருவார்கள் என்பது தெரியாது.

கோட்டையும் சப்பாத்தையும் மாமி அன்றே கழற்றிவிட்டார். தொப்பியை மட்டும் கழற்றவில்லை. சாப்பிடும்போதும் தொப்பி. கடற்கரைக்கு நடக்கப் போனாலும் தொப்பி. அம்மா ஏன் என்று மூன்றாம் தரம் கேட்டபோது, "இந்த முறை அங்க விண்டர் ஃபஷன் இதுதான் அண்ணி" என்று சிரித்தார். சாட்சிக்கு இரண்டு தடித்த ஃபஷன் புத்தகங்களும் கொண்டுவந்திருந்தார். வழுவழுப்பான தாளில் வெள்ளைக்காரிகளும் கறுப்பிகளும் கம்பளித் தொப்பியோடு முறைத்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்திக்குப் புருவமே இல்லை. இன்னொருத்தி மொட்டைத் தலையும் தோள் வரை தொங்கும் தோடுமாக இருந்தாள். நான் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

அம்மாவுக்கு மாமியில் மனஸ்தாபம் தொடங்கியது பியூட்டி பாலர் விஷயத்தில். கலியாணத்துக்கு வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் என்று எங்கள் பெருந்தெருவான காலி வீதியில் ஒரு பாலரில் அம்மா முன்கூட்டியே நாள் எடுத்து வைத்திருந்தார். புருவம் திருத்த, தலை இழுத்து முடிய, முகத்துக்குப் பூச. மாமி வேண்டாம் என்றுவிட்டார். "எங்கட பாலர் அவவுக்குக் காணாது" என்று அம்மா குசினிக்குள் சமைத்துக்கொண்டே அப்பாவிடம் சொன்னது வரவேற்பறை வரை கேட்டது. மாமி காதில் விழாதது போலத் தொப்பியைக் கீழே இழுத்துவிட்டார்.

ஒரு மத்தியானம், எல்லாரும் சேலை வாங்கப் போயிருந்த நேரம், மாமியின் லிப்ஸ்டிக்கைப் போட்டுப் பார்க்கும் எண்ணத்தோடு அவருடைய அறைக் கதவைத் தள்ளினேன். மாமி மின்விசிறிக்கு முன்னால் கட்டிலில் குனிந்து இருந்தார். தொப்பி மடியில் கிடந்தது. தலையில் ஒரு மயிர் இல்லை. நிமிர்ந்தபோது புருவமும் இல்லை. எங்கள் வீட்டுக் கட்டிலில் மாமியின் சட்டையைப் போட்டுக்கொண்டு வேறு யாரோ இருப்பது போல இருந்தது. நான் கதவுக்குப் பின்னால் பாதி ஒளிந்தேன்.

மாமியும் திடுக்கிட்டார். தொப்பியை எடுக்கப் போன கை பாதியில் நின்றது. பிறகு அவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

"கதவைச் சாத்திப்போட்டு வா. பயந்திட்டியே?"

"மாமி, உங்கட தலைமயிர் எங்க?"

"அதுதானடி உண்மையான ஃபஷன். புத்தகத்தில பாக்கேல்லையே நீ? அங்க பெரிய மொடல்மாரெல்லாம் இப்ப இப்பிடித்தான். இஞ்ச இன்னும் வந்து சேரேல்ல. கலியாணம் முடியத்தான் எல்லாருக்கும் காட்டுவன். அதுவரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லாதை, என்ன?"

தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். மாமி தலையைக் குனிந்து தந்தார். வெதுவெதுப்பாக, குழந்தைப் பிள்ளையின் தலை போல இருந்தது. பிறகு பென்சிலை எடுத்துப் புருவம் வரைந்தார். இன்றைக்கு எந்த மாதிரிப் புருவம் வேண்டும் என்று என்னிடமே கேட்டார். கோபப் புருவம் என்றேன். வரைந்துவிட்டு என்னைக் கோபமாகப் பார்த்தார். இருவரும் சிரித்தோம். ஒவ்வொரு நாளும் ஒரு புதுப் புருவம்! அம்மா பாலரில் கண்ணீர் வழிய நூலால் பிடுங்குவித்துக்கொள்வது அதே ஒரு பழைய புருவத்தைத்தானே என்று எனக்கு அம்மாவில் இரக்கமாக இருந்தது.

மாமி சொல்லாதே என்றுதான் சொன்னார். செய்யாதே என்று சொல்லவில்லை.

பொன்னுருக்கு அன்று காலையில் வீடு நிறையச் சொந்தக்காரர். கொட்டாஞ்சேனையிலிருந்து அப்பாவின் பெரியம்மா குடும்பத்தோடு வந்திருந்தார். தாலிக்குப் பொன் உருக்கப் பத்தர் நெருப்பை ஊதிக்கொண்டிருந்தார். சித்தப்பா பட்டு வேட்டியோடு பக்கத்தில் இருந்தார். எல்லாரும் அங்கே நின்ற நேரத்தில் நான் குளியலறைக்குள் போய் அப்பாவின் சவர அலகை எடுத்தேன். புருவம் இரண்டும் இலகுவாகப் போய்விட்டன. தலை அவ்வளவு இலகுவாக இல்லை. முன்பக்கத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி, பிறகு சவர்க்காரம் பூசி வழித்தேன். இரண்டு இடத்தில் இரத்தம் வந்தது. பின்பக்கம் கை எட்டவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். புத்தகத்தில் இருந்தவள் போல இல்லைதான். ஆனாலும் கொழும்பிலேயே முதல் ஆள் நான்தான் என்ற பெருமையோடு கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன்.

முதலில் கண்டவர் பெரியம்மா. கையில் இருந்த தட்டத்தை நழுவவிட்டார். வெற்றிலையும் பாக்கும் நிலமெங்கும் சிதறின.

"ஐயோ, கலியாண வீட்டில மொட்டையோ! செத்த வீட்டுக் கோலமெல்லோ இது!"

பத்தர் ஊதுவதை நிறுத்தினார். அதற்குப் பிறகு அம்மா வந்த வேகம்தான் ஞாபகம். அகப்பைக் காம்பால் காலில் அடி விழுந்தது. "ஆரடி உனக்கு இதைப் பழக்கினது? சொல்லு!" நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வாக்குக் கொடுத்தவள் அல்லவா. அடுத்த அடியோடு வாக்குப் போய்விட்டது.

"மாமி! லண்டன் ஃபஷன் எண்டு மாமிதான் சொன்னவா!"

அம்மா திரும்பினார். அத்தனை நாள் குசினிக்குள் சொன்னதெல்லாம் நடு வீட்டுக்கு வந்தது.

"உமக்கு இது விளையாட்டோ? வந்த நாளிலயிருந்து எங்கள ஒரு மனுசராய் மதிக்கேல்ல. இப்ப பிள்ளையையும் பழுதாக்கிப்போட்டீர். நல்ல காரியம் நடக்கிற வீட்டில இப்பிடி ஒரு அபசகுனம்!"

அகப்பை மறுபடி ஓங்கியது. மாமி குறுக்கே வந்து நின்றார்.

"அவளை அடிக்காதேங்கோ அண்ணி. அவள் பொய் சொல்லேல்ல."

சொல்லிக்கொண்டே தொப்பியைக் கழற்றினார்.

காலி வீதியில் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது நன்றாகக் கேட்டது. அம்மாவின் கை ஓங்கியபடியே நின்றது. ஒருநாளும் நிலத்தில் இராத அப்பா, சிதறிய வெற்றிலைக்குமேல் அப்படியே குந்திவிட்டார். நான் கண்ணீரோடு எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தேன். இப்போதாவது நம்புகிறார்களா என்று.

"எப்ப தொடக்கம்?" என்றார் அப்பா.

"ஆவணியில தெரிஞ்சது அண்ணா. நெஞ்சில. ஒப்பரேஷன் முடிஞ்சு இப்ப கீமோ போகுது. கலியாணம் நல்லபடி முடியட்டும், பிறகு சொல்லுவம் எண்டு இருந்தனான்."

கீமோ என்பது மாமி போகிற பாலரின் பெயர் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு முதலில் வாய் திறந்தவர் பெரியம்மா. தோழிக்கு வேறு யாரையும் பார்ப்போம், மணவறையில் இந்தக் கோலத்தில் நிற்பது கட்டப்போகிற பிள்ளைகளுக்கு நல்லதில்லை என்றார். சித்தப்பா ஏதோ சொல்ல எழுந்தார். அதற்குள் அம்மா அகப்பையைக் கீழே வைத்துவிட்டு மாமியின் கையைப் பிடித்திருந்தார்.

"தோழி இவதான் பெரியம்மா. இவ நிக்காட்டில் நானும் மண்டபத்துக்கு வரமாட்டன்."

பத்தர் கனைத்துவிட்டு, "நேரம் போகுது" என்றார். பொன் உருகியது.

அன்று பின்னேரம் அம்மா என்னை முக்காலியில் இருத்தி மிச்சத் தலையையும் ஒழுங்காக மழித்துவிட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். வெட்டுப்பட்ட இடத்தில் மருந்து போடும்போது அவருடைய மூக்கு மட்டும் உறிஞ்சிக்கொண்டிருந்தது.

கலியாணத்தன்று மாமி தொப்பி போடவில்லை. அரக்கு நிறக் காஞ்சிபுரம், தோள் தொடும் அம்மாவின் பெரிய தோடு, அந்தக் கறுத்த ஊதா உதடு. புருவத்தை அம்மாவே பக்கத்தில் இருந்து வரைந்துவிட்டார். பம்பலப்பிட்டி மண்டபத்துக்குள் நாங்கள் இரண்டு மொட்டைகளும் கைகோத்துக்கொண்டு நுழைந்தபோது நாதஸ்வரக்காரர்கூட ஒரு கணம் வாசிப்பை நிறுத்தி மூச்சு விட்டார். பெண் வீட்டார் பக்கத்திலிருந்து ஒரு பெட்டை வந்து, "அக்கா, இது இப்ப அங்க ட்ரெண்டோ?" என்று கேட்டாள். மாமி, "ஓம், எல்லாருக்கும் எடுபடாது" என்றார். அம்மா மறுபக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தார். தாலி ஏறியது. கெட்டது எதுவும் நடக்கவில்லை.

மாமி போகும்போது கட்டுநாயக்கா வரை நாங்களும் போனோம். விமான நிலைய வாசலில் அவர் கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது, "வாற விண்டருக்கு என்ன ஃபஷன் மாமி?" என்று கேட்டேன். மாமி கொஞ்சம் யோசித்தார்.

"தலைமயிர் வளக்கிறதுதான். பின்னுற அளவுக்கு."

அம்மா அவரைக் கட்டிப்பிடித்தவர் நெடுநேரம் விடவில்லை. மாமி கொழும்புக்கு வந்தது அதுதான் கடைசி.

திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா அழுதுகொண்டே வந்தார். எனக்குச் சினமாக இருந்தது. முன்பு மாமி எப்போது போவார் என்று பார்த்துக்கொண்டிருந்தவரும் இவர்தானே. இருந்தாலும் அழுகையை நிற்பாட்ட வேண்டும் என்று, "ஏனம்மா அழுறீங்கள்? எனக்கு வளருற மாதிரி மாமிக்கும் தலைமயிர் வளர்ந்திடும். வாற விண்டருக்குப் பின்னிக்கொண்டு வருவா" என்றேன்.

அம்மா என்னுடைய மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே வந்தார். வாகனம் கொழும்புக்குக் கிட்டப் பேலியகொடையைத் தாண்டிய பிறகுதான் "ஓம்" என்றார். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அம்மாவுக்கு ஏன் அவ்வளவு தூரம் வேண்டியிருந்தது என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.