ராசாவின் கல்லறைக்குப் போகலாம்

பாலேஸ்வரி சீனாவுக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டதும் ஸ்காபரோவில் பாதிச் சனம் சிரித்தது. கனடாப் பாஸ்போட் கையில் கிடைத்தால் நம்மவர்கள் லண்டனுக்குப் போவார்கள், இல்லையென்றால் இந்தியாவில் கோயில் குளம் பார்க்கப் போவார்கள். இவள் புறப்பட்டது எப்போதோ செத்துப்போன ராசாக்களின் கல்லறை பார்க்க. என்னோடும் இவளோடும் பேக்கரியில் பாண் பொதிசெய்யும் சீனப் பெண்ணின் தமையன் அஜின்கோர்ட்டில் பயண முகவர். அவர் மலிவாக ஒரு குழுவைக் கூட்டிப் போனார். நானும் சேர்ந்துகொண்டேன்.

மலிவு என்றதும் பாலேஸ்வரியின் அக்கா ஜெயமலரும் அவளுடைய புருசன் சச்சிதானந்தனும் வந்து ஒட்டிக்கொண்டார்கள். இந்தச் சச்சிதானந்தனைப் பற்றி நான் நல்லதாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். ரொறன்ரோவில் தமிழருடைய செத்தவீடு என்றால் மனுசன் வெள்ளை வேட்டியோடு முன்னுக்கு நிற்பார். எது முறை, எது முறையில்லை என்று சொல்ல அவரை ஒருவரும் நியமிக்கவில்லை. தடி எடுத்தவனெல்லாம் தண்டல்காரன், அவ்வளவுதான்.

அதற்கு இரண்டு வருடம் முந்தி, தொண்ணூற்றாறில், பாலேஸ்வரியின் கணவர் விநாயகமூர்த்தி மாரடைப்பில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. தேவாரம் பாடி முடிந்து பெட்டியை மூடியதும் இவளும் பின்னால் நடந்தாள். சச்சிதானந்தன் கையை நீட்டி மறித்தார்.

“எங்கட பொம்பிளையள் சுடலைக்கு வாறேல்லை.”

சுடலையாம். கம்பளம் விரித்து, பூச்சாடி வைத்த கட்டிடம் அது. விறகும் இல்லை, புகையும் இல்லை, ஒரு பொத்தானை அமத்துகிற வேலை. ஆனாலும் இவள் திரும்பிவிட்டாள். சென் ஜேம்ஸ் ரவுணில் தன்னுடைய அப்பார்ட்மெண்டில் போய் இருந்தாள். மத்தியானம் அத்தான் வந்து, தலைமுழுகி, சோறும் மரக்கறியும் சாப்பிட்டுவிட்டு, “எல்லாம் வடிவா முடிஞ்சுது” என்றார். அவளுக்குக் கிடைத்தது அந்த ஒரு வசனம்தான்.

பீஜிங்குக்கு வெளியே மலையடிவாரத்தில் மிங் அரசர்களின் கல்லறைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்குள் படியிறங்கிப் போகலாம். வழிகாட்டிப் பெண் மஞ்சள் கொடியைத் தூக்கிப் பிடித்தபடி முன்னே போனாள். சச்சிதானந்தன் வீடியோ கமெராவோடு அவளுக்குப் பின்னால். பாலேஸ்வரி மட்டும் முதற்படியில் நின்றுவிட்டாள்.

“என்ன நிக்கிறாய்? வா.”

“உது சுடலைதானே, அத்தான். பொம்பிளையள் வரலாமோ?”

“விசர்க் கதை கதையாதை. இது ராசாவின்ர. சரித்திரம்.”

“ராசாவெண்டால் பொம்பிளையள் போகலாம். என்ர மனுசனெண்டால் ஏலாது.”

சத்தம் போடாமல்தான் சொன்னாள். ஜெயமலர் ஓடிவந்து தங்கையின் கையைப் பிடித்தாள்.

“ஆக்கள் பாக்கினம், பாலேஸ்.”

“பாக்கட்டும்.” பாலேஸ்வரி கையை உதறினாள். “அத்தான், நீங்கள் அண்டைக்குப் போனனீங்கள்தானே. கடைசியா என்ன நடந்ததெண்டு சொல்லுங்கோ. ரெண்டு வருசமாக் கேக்க நினைச்சுக் கேக்காமல் இருந்தனான். பொத்தானை ஆர் அமத்தினது? ஆர் பக்கத்தில நிண்டது?”

சச்சிதானந்தன் கமெராவின் மூடியைப் போட்டார், திரும்பக் கழற்றினார். இப்போது ஜெயமலரும் அவரையே பார்த்தாள். அவளுக்கும் தெரியாது.

“நாங்கள் உள்ளுக்குப் போகேல்லை,” என்றார் கடைசியில். “முன்னுக்கு வேறை பெட்டி நிண்டது. சுணங்கும், கனநேரம் நிக்கவேணும் எண்டாங்கள். எல்லாருக்கும் பின்னேர ஷிவ்ற் வேலை. பெட்டியைக் குடுத்திட்டு வந்திட்டம். அவங்கள் செய்வாங்கள்தானே.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கமெராவைப் பிடுங்கிப் படியில் அடித்திருப்பேன். பெண்சாதியை வீட்டில் இருத்திவிட்டு, அந்த மனுசனைக் கடையில் சாமான் திருப்பிக் கொடுக்கிற மாதிரி யாரோவிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள். பிறகு தலைமுழுக்கு வேறு. முறையாம் முறை.

பாலேஸ்வரி அழவில்லை. அவரை விலக்கிக்கொண்டு கீழே இறங்கினாள். நானும் இறங்கினேன். நிலத்துக்குள் கல்லால் கட்டிய பெரிய மண்டபம், நல்ல குளிர். மூன்று சிவப்புப் பெட்டிகள் இருந்தன, ஒன்று ராசாவுக்கு, மற்றவை இரண்டு ராணிகளுக்கு. பழைய பெட்டிகள் இப்போது இல்லை, இவை பிறகு செய்து வைத்தவை, உள்ளே ஒன்றுமில்லை என்று வழிகாட்டி சொன்னாள். முன்னால் தடுப்புக் கட்டி ஒரு காவலாளியும் நின்றான்.

“ஆளில்லாத பெட்டிக்குக் காவல் நிக்கிறாங்கள்,” என்றாள் பாலேஸ்வரி.

சச்சிதானந்தனும் இறங்கிவந்து அந்த வெறும் பெட்டிகளை நிதானமாக வீடியோ எடுத்தார். வெட்கம்கெட்ட மனுசன். குழு முழுவதும் மேலே போன பிறகும் இவள் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. வழிகாட்டி திரும்பி வந்து கூப்பிட வேண்டியதாகிவிட்டது.

அந்த மாரிக் குளிரில் எங்கள் பேக்கரியில் அடுப்படி வேலை செய்த அன்புராசா திடீரென்று செத்துப்போனான். பெண்சாதி பிள்ளைகள் எல்லோரும் யாழ்ப்பாணத்தில். இங்கே அவனுக்கென்று ஒருவருமில்லை. வழக்கம்போல சச்சிதானந்தன் வேட்டியோடு முன்னுக்கு நின்றார். பெட்டியை ஏற்றியதும், “பொம்பிளையள் வீட்டை போகலாம்” என்றார்.

பிரேதக் காரின் முன் சீற்றில், ட்ரைவருக்குப் பக்கத்தில், பாலேஸ்வரி பெல்ட்டும் போட்டுக்கொண்டு இருந்தாள். சச்சிதானந்தன் கதவைத் திறந்தார்.

“இறங்கு, பாலேஸ். என்ன பழக்கம் உது?”

“இவரை நான் தனிய விடமாட்டன், அத்தான்,” என்றாள் அவள். “எவ்வளவு சுணங்கினாலும் நிப்பன். நீங்கள் வேலைக்குப் போங்கோ.”