அமெரிக்காவுக்கு ஒரு நோட்டு, லண்டனுக்கு ஒரு நோட்டு

எங்கள் அக்காவை அமெரிக்காவுக்கு அனுப்புவதா, லண்டனுக்கு அனுப்புவதா என்று அம்மனிடம் பூப்போட்டுக் கேட்ட அன்று, பொட்டலத்தை எடுத்தவள் நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. சின்னப் பெண் கையால் எடுத்தால்தான் வாக்கு சுத்தமாக விழும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். இப்போது திண்டிவனத்தில் குடித்தனம் பண்ணுகிறேன். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போதெல்லாம் அந்தத் தாயின் முகம்தான் முன்னால் வந்து நிற்கிறது.

அம்மாவின் தம்பி அமெரிக்காவில் இருந்தார், தங்கை லண்டனில். மாமா வீட்டில் ஆறு மாதக் கைக்குழந்தை. சித்தி மாசமாக இருந்தாள். அக்கா அந்த வருஷம்தான் விழுப்புரத்தில் டிகிரி முடித்திருந்தாள். என்னிடம் அனுப்பு, மேலே படிக்க வைக்கிறேன் என்றார் மாமா. அடுத்த வாரமே சித்தியும் அதையே சொன்னாள். ஒருத்தரிடம் அனுப்பினால் இன்னொருத்தர் ஜென்மத்துக்கும் பேச மாட்டார்களே என்று அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்குள் பாடம் ஆரம்பமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா போன் செய்வார், சாயங்காலம் சித்தி. அங்கே வந்து திருதிருவென்று முழிக்கக் கூடாதாம். அக்கா ஆளுக்கொரு நோட்டுப் போட்டாள். மாமா நோட்டில் டயாப்பர், ஸ்ட்ரோலர், க்ரிப், பாசிஃபையர், ட்ராஷ். சித்தி நோட்டில் நாப்பி, புஷ்சேர், காட், டம்மி, ரப்பிஷ். எதிரே தமிழில் எழுதியிருப்பாள்: குழந்தைக்குக் கட்டிவிடுவது, குழந்தையை வைத்துத் தள்ளும் வண்டி, குழந்தைக் கட்டில், குழந்தை வாயில் வைக்கும் ரப்பர், குப்பை. நோட்டைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பது என் வேலை. நாம் பள்ளிக்கூடத்தில் படிக்கும் இங்கிலீஷ் இதில் எந்த ஊருடையது என்று டீச்சரிடம் கேட்டு, வெளியில் நின்றேன்.

ஒருநாள் அக்கா மாமாவிடம் வாய் தவறி நாப்பி என்று சொல்லிவிட்டாள். லண்டன்காரி சொல்லிக்கொடுத்தாளா என்று கேட்டார் மாமா. பிறகு அம்மாவைக் கூப்பிடச் சொன்னார்.

“வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவு சொல்லிடுக்கா. இல்லாட்டி நான் வேற ஆள் பாத்துக்கறேன்.”

மாமா வேறு எந்தப் பெண்ணைப் படிக்க வைக்கப் போகிறார் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அக்கா நோட்டை மூடிவிட்டு எழுந்து போனாள். அதே வெள்ளிக்கிழமையைச் சித்தியும் கெடுவாக வைத்தாள்.

அப்பாவுக்கு வேறு வழி தெரியவில்லை. கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்க ஆள் சொல்லியிருந்ததைத் தள்ளிவைத்துவிட்டு, எங்கள் ஊர் காணையிலிருந்து எல்லோரையும் கோலியனூர்ப் பக்கத்துக் குலதெய்வக் கோயிலுக்குக் கூட்டிப்போனார். அமெரிக்காவுக்குச் சிவப்பு அரளி, லண்டனுக்கு வெள்ளை அரளி. மாமா லைட் எரியும் ஷூ வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்ததால், நான் உள்ளுக்குள் சிவப்புக்கு வேண்டிக்கொண்டிருந்தேன். பூசாரி இரண்டு பூவையும் காகிதத்தில் மடித்தார். அதுவரை வாயே திறக்காத அக்கா முன்னால் வந்தாள்.

“இன்னொண்ணு மடிங்க பூசாரி. வேப்பிலை வெச்சி.”

“அது எதுக்கு?” என்றார் அப்பா.

“போக வேணாம்னு.”

அப்பா முகம் கறுத்துப்போனது. “பாஸ்போர்ட்டு எடுத்தாச்சி, ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சாச்சி. இப்ப வந்து இன்னாம்மா பேஜாரு பண்றே?”

“கேக்கறதுன்னா முழுசா கேக்கணும்பா,” என்றார் பூசாரி. “எங்க போவறதுன்னுதான் நீ கேக்கறே. போவட்டுமா வேணாமான்னு ஆத்தாள நீ கேக்கவே இல்லியே.”

சன்னதி என்பதால் அப்பா ஒதுங்கி நின்றார். மூன்று பொட்டலமும் அம்மன் காலடிக்குப் போயின. பூசாரி குலுக்கிப் போட்டார். கற்பூரம் எரிந்தது. அம்மா கையில் இருந்த போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. மாமாதான். அம்மா எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, விரலில் பட்டதை எடுத்துக் கொடுத்தேன்.

பூசாரி மடிப்பு மடிப்பாகப் பிரித்தார். உள்ளே வேப்பிலை.

குழந்தை கை தவறி எடுத்துவிட்டது, இன்னொரு தரம் எடுக்கட்டும் என்று அப்பா கெஞ்சினார். ஆத்தா ஒரு தரம்தான் சொல்லுவாள் என்று பூசாரி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அம்மா அப்படியே தூணோரம் உட்கார்ந்தாள். மறுபடியும் போன் அதிர்ந்தது. அக்கா வாங்கிப் பேசினாள். ஆத்தா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் மாமா என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள். சித்திக்கும் அவளே போன் போட்டு அதையே சொன்னாள். அதற்கப்புறம் நாலைந்து வருஷம் இரண்டு பேரிடமிருந்தும் போன் வரவில்லை.

விழுப்புரம் வந்து பஸ் மாறினோம். அப்பா முன் சீட்டில் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். அக்காவின் பிழைப்பை நானே கெடுத்துவிட்டேன் என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ரெண்டு நோட்டு மனப்பாடம் பண்ணியேக்கா, எல்லாம் வீணாப் போச்சே என்று தேம்பினேன்.

அக்கா தாவணி முனையால் என் மூக்கைத் துடைத்தாள். “வீணெல்லாம் இல்ல பாப்பா. ரெண்டு நோட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சிப் பாத்தேன். பேருதான் ஊருக்கு ஊரு வேற. வேலை ஒண்ணுதான்.”

“அப்ப ரெண்டுல எதுக்கா நல்ல இங்கிலீஷு?” என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். பொட்டலம் எடுத்த என் வலது கையை இழுத்து மடியில் வைத்துப் பொத்திக்கொண்டாள். காணை வரும்வரை விடவே இல்லை. அவ்வளவு பெரிய தப்பைச் செய்த கையை எதற்காக அப்படிப் பிடித்துக்கொண்டு வருகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.